பின்னால் வருபவரின் விளக்கு

கோவையில் பொள்ளாச்சி சாலையை ஒட்டி ஒரு சின்னப் பட்டறை. வாசலில் விரித்த செய்தித்தாள்மேல் ஒரு ஜோடி டெயில் லைட் மல்லாந்து கிடக்கிறது. காரிலிருந்து கழற்றிக் கால் மணி நேரம் இருக்கும். பெயின்டர் அதை ஷாம்பூ தண்ணீரில் கழுவித் துடைத்து, 800 நம்பர் வாட்டர் பேப்பரை நனைத்துத் தேய்க்கிறார். பளபளவென்று இருந்த சிவப்பு, ஐந்து நிமிடத்தில் பனி படிந்ததுபோல் வெளுத்துப் போகிறது. பெயின்ட் பிடிக்க வேண்டுமென்றால் இந்தச் சொரசொரப்பு வேண்டும். பிறகு துடைத்து, காயவைத்து, கேனைக் குலுக்கி, ஒரு முழம் தள்ளி நின்று ஒரு வீச்சு. முதல் கோட் விழுந்ததே தெரியவில்லை. இரண்டாவதில் சிவப்பு, நாவல்பழ நிறத்துக்கு வந்தது. மூன்றாவதில் இன்னும் கறுத்தது.

வண்டிக்காரத் தம்பிக்கு இருபத்தைந்து வயதிருக்கும். “இன்னொரு கோட் அடிங்ணா, ஃபுல் பிளாக் லுக் வேணும்” என்றார். “ரெண்டோட நிறுத்தியிருக்கணும் தம்பி. இதுக்கு மேல போனா பகல்ல பிரேக் புடிச்சா தெரியாதுங்க” என்று சொல்லிக்கொண்டே பெயின்டர் நான்காவதையும் அடித்தார். எவ்வளவு வெளிச்சம் குறையும் என்று கேட்டேன். “அதெல்லாம் கை அளவுதானுங்க.”

அந்தக் கை அளவு என்பதில்தான் இந்த விவகாரம் முழுவதும் இருக்கிறது. டெயில் லைட்டை ‘ஸ்மோக்’ பண்ணுவது இன்று ஊருக்கு ஊர் நடக்கிறது. கறுப்புச் சாயம் கலந்த, ஊடுருவிப் பார்க்கக்கூடிய ஸ்பிரே கேன்கள் இணையத்திலேயே கிடைக்கின்றன, அமெரிக்காவின் வி.எச்.டி. நைட் ஷேட்ஸ் இதில் பெயர்பெற்ற சரக்கு. கேன் வேண்டாம் என்பவர்கள் சாதாரண கிளியர் கோட்டில் சில சொட்டுக் கறுப்பு கலந்து கம்ப்ரசரில் அடித்துக்கொள்கிறார்கள். அழகாக இருக்கிறதா என்றால் இருக்கிறது. வெள்ளைக் காரிலும் கருஞ்சாம்பல் காரிலும் அந்தச் சிவப்புத் திட்டு மறைந்ததும் வண்டியின் பின்பக்கம் ஒரே வார்ப்பாகத் தெரியும். அந்த ஆசையைப் பரிகசிக்க எனக்கு மனமில்லை. ஆனால் காரில் உள்ள எல்லா உறுப்புகளிலும், ஓட்டும்போது உரிமையாளர் கண்ணில் படாத உறுப்பு டெயில் லைட்தான். அது எப்படி எரிகிறது என்பதை அறிந்தவர் பின்னால் வருபவர் மட்டுமே. எவ்வளவு கறுக்கலாம் என்று தீர்மானிப்பவரோ, மாலை வெயிலில் பட்டறை வாசலில் இரண்டு மீட்டர் தள்ளி நின்று பார்ப்பவர்.

கணக்கு எளியது. ஒரு கோட் 100 பங்கு ஒளியில் 70 பங்கை வெளியே விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது கோட், மிச்சமிருக்கும் 70-இல் 70 சதவீதத்தை விடும், அதாவது 49. மூன்றாவதில் 34. நான்காவதில் 24. கோட்டுகள் கூட்டலாகச் சேர்வதில்லை, பெருக்கலாகச் சேர்கின்றன. அந்தத் தம்பி கேட்ட நான்காவது கோட்டுக்குப் பின், விளக்கில் கால்பங்கு ஒளிகூட இல்லை.

கால்பங்கு போதாதா? வாகன விளக்குகளின் ஒளியை அளக்கும் அலகு கேண்டெலா. ஐரோப்பாவும் இன்னும் பல நாடுகளும் பின்பற்றும் ஐ.நா. விதி 7-இன்படி, பிரேக் விளக்கு நேர் பின்னால் 60 கேண்டெலாவுக்குக் குறையக் கூடாது. டெயில் விளக்கு 4-க்குக் குறையக் கூடாது. இரண்டுக்கும் நடுவே இவ்வளவு இடைவெளி வைத்ததற்குக் காரணம் உண்டு. பல கார்களில் இரண்டும் ஒரே சிவப்பு, ஒரே கண்ணாடி. பழைய பாணி பல்புகளில் ஒரே பல்புக்குள் இரண்டு இழைகள் இருக்கும்: டெயிலுக்கு 5 வாட், பிரேக்குக்கு 21 வாட். ஒளியில் கணக்கிட்டால் 35 லூமெனும் 440 லூமெனும். ஏறக்குறைய பன்னிரண்டு மடங்கு. இரவில் முன்னால் போகும் கார் சும்மா போகிறதா, பிரேக் பிடிக்கிறதா என்பதை நாம் இந்த மடங்கை வைத்துத்தான் உணர்கிறோம்.

60 கேண்டெலா தரும் பிரேக் விளக்கின்மேல் நான்கு கோட் ஏறினால் 14 மிஞ்சும். பக்கத்து லேனில் போகும், பெயின்ட் காணாத ஒரு காரின் டெயில் விளக்குக்கு அருகில் வந்துவிட்டது. நெடுஞ்சாலையில் இருட்டில் பின்னால் வருபவருக்கு அது ‘போய்க்கொண்டிருக்கிறேன்’ என்றுதான் சொல்லும். டெயில் விளக்கோ 4-இலிருந்து 1-க்கு இறங்கியிருக்கும். கம்பெனிகள் குறைந்தபட்சத்துக்குச் சற்று மேலேயே விளக்கு செய்வதால், இரண்டு மெல்லிய கோட்டோடு நிறுத்திய சிலர் தப்பிக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். எந்தக் காரில் எவ்வளவு மிச்சம் இருந்தது என்று பட்டறையில் யாரும் அளந்து பார்ப்பதில்லை.

தூரத்தில் இது எப்படித் தெரியும்? விளக்கின் வெளிச்சம் தூரத்தின் வர்க்கத்துக்கேற்பக் குறையும். ஆகவே ஒளி கால்பங்கானால், முன்பு 300 மீட்டரில் கண்ணை எட்டிய அதே வெளிச்சத்துக்கு இப்போது 150 மீட்டர்வரை நெருங்கியாக வேண்டும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் அந்த 150 மீட்டர் என்பது ஐந்தரை நொடி. மழையும் புகையும் வேறு.

இவ்வளவு குறைந்தும் உரிமையாளருக்கு ஏன் உறைப்பதில்லை? கண் ஒரு மோசமான ஒளிமானி. ஒளி கால்பங்காகக் குறைந்தாலும், பக்கத்தில் நின்று பார்க்கும் கண்ணுக்குப் பாதிக்கும் மேல் இருப்பதாகவே தோன்றும். மதிய வெயிலையும் குண்டு பல்பையும் ஒரே கண்ணால் சமாளிக்க இயற்கை தந்த ஏற்பாடு அது. வீட்டு வாசலில், இருட்டில், நண்பனை பிரேக் மிதிக்கச் சொல்லிவிட்டுப் பின்னால் போய் நிற்பவர் ‘சூப்பரா தெரியுதே’ என்பது பொய்யல்ல. பின்னால் வருபவர் எல்லோருக்கும் அதே கண் வாய்ப்பதும் இல்லை. கண்ணில் சிவப்பை உணரும் கூம்பு செல்கள் இல்லாத நிறப்பார்வைக் குறைபாடு ஒன்று உண்டு. அவர்களுக்குச் சிவப்பு வேறு நிறமாகத் தெரிவதோடு நிற்பதில்லை, மங்கலாகவும் தெரியும். புத்தம்புது பிரேக் விளக்கே அவர்களுக்கு நம்மைவிடக் குறைந்த வெளிச்சம்தான்.

இதுவரை எரியும் விளக்கைப் பற்றிப் பேசினோம். எரியாத விளக்கின் கதைதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. டெயில் லைட்டின் ஒரு மூலையில் தேன்கூடு மாதிரிச் சிறுசிறு கட்டங்களாக ஒரு பகுதி இருக்கும்; சில கார்களில் பம்பரில் தனியாக இருக்கும். அதுதான் ரிஃப்ளெக்டர். அதற்கு பல்பு கிடையாது, பேட்டரி வேண்டாம். ஒவ்வொரு கட்டமும் ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று முகங்கள் கொண்ட ஒரு மூலை. எந்தத் திசையிலிருந்து வெளிச்சம் நுழைந்தாலும் மூன்று முகங்களிலும் பட்டு, வந்த திசைக்கே திரும்பும். பின்னால் வரும் லாரியின் ஹெட்லைட் அங்கே பட்டு அந்த லாரி டிரைவரின் கண்ணுக்கே திரும்பிப் போகிறது. பேட்டரி செத்து, டயர் வெடித்து, சாலையோரம் இருட்டில் நிற்கும் காருக்கு மிஞ்சும் ஒரே காவல் இதுதான்.

இதன்மேல் பெயின்ட் அடித்தால் ஒளி அதை இரண்டு முறை கடக்க வேண்டும். உள்ளே போகும்போது ஒரு முறை, வெளியே வரும்போது ஒரு முறை. இரண்டு கோட்டில் பாதி ஒளி தரும் பெயின்ட், ரிஃப்ளெக்டரில் கால்பங்குதான் தரும். நான்கு கோட்டில் 24 சதவீதம் என்பது இங்கே ஆறு சதவீதத்துக்கும் கீழே. இது போதாதென்று ஸ்பிரேயின் மேற்பரப்பு வேறு. ஆரஞ்சுத்தோல் மாதிரிப் புள்ளி புள்ளியாக அது உறைந்தால் ஒவ்வொரு மேடும் பள்ளமும் ஒளியைக் கொஞ்சம் கொஞ்சம் திருப்பிவிடும்; துல்லியமாக வந்த வழியே போக வேண்டிய கதிர் அக்கம்பக்கம் சிதறும். டெயில் விளக்கில் இந்தச் சிதறல் பெரிய நட்டமில்லை. ரிஃப்ளெக்டருக்கோ வந்த வழியே திருப்பி அனுப்புவதுதான் பிழைப்பு. நான் பார்த்த பட்டறைகளில் மாஸ்கிங் டேப் ஒட்டி ரிஃப்ளெக்டரை மட்டும் விட்டுவிடும் பெயின்டர் ஒரே ஒருவர். மற்றவர்களுக்கு அதுவும் சிவப்பு பிளாஸ்டிக்தான்.

பெயின்டுக்கு ஆதரவாகச் சொல்லப்படுவதில் உருப்படியான வாதம் ஒன்று உண்டு. பகலில் வெயில் நேராக டெயில் லைட்டில் விழும்போது, உள்ளே உள்ள குரோம் அந்த வெயிலைத் திருப்பி அனுப்பி, எரியாத விளக்கையே எரிவதுபோல் காட்டும். கறுப்புப் படலம் அந்த வெயிலையும் இரண்டு முறை வடிகட்டுகிறது. உள்ளிருந்து வரும் பிரேக் ஒளியையோ ஒரு முறைதான். ஆகவே எரிவதற்கும் எரியாததற்கும் உள்ள வித்தியாசம் கூடவே செய்யும் என்கிறார்கள். ஒளியியல்படி இது சரி. ஆனால் படலத்தின் மேற்பரப்பிலேயே பட்டுத் தெறிக்கும் வெயில் குறைவதில்லை. சுற்றிலும் கண்ணைக் கூசவைக்கும் ஏப்ரல் மதியத்தில் வித்தியாசம் மட்டும் இருந்தால் போதாது. கவனிக்காத கண்ணைத் திருப்பவும் பலம் வேண்டும். அது குறைந்துவிட்டது.

கம்பெனியே ஸ்மோக் கண்ணாடி போட்டு விற்கிறதே என்பது அடுத்த வாதம். உண்மைதான். ஆனால் அங்கே கண்ணாடியின் கறுப்பு, பல்பின் பலம், பின்னுள்ள ரிஃப்ளெக்டர் கிண்ணத்தின் வளைவு மூன்றும் சேர்த்து வடிவமைக்கப்பட்டு, ஒளி அளந்து தேர்ச்சி பெற்ற பிறகே வண்டி வெளியே வருகிறது. அந்தக் கறுப்பு பெரும்பாலும் வெளிக்கண்ணாடியிலும் இருக்காது. உள்ளே குரோமுக்குப் பதில் கறுப்புச் சட்டம் வைத்திருப்பார்கள். விளக்கு அணைந்திருக்கும்போது கறுப்பாகத் தெரியும், எரியும்போது ஒளிக்குக் குறுக்கே எதுவும் நிற்காது. இதையே வெளியில் செய்துதரும் கைகாரர்களும் இருக்கிறார்கள். விளக்கைச் சூடாக்கி, விளிம்பிலுள்ள பசையை இளக்கி, கண்ணாடியைப் பிரித்து, உள்சட்டத்துக்கு மட்டும் கறுப்படித்து மறுபடி ஒட்டுகிறார்கள். விலை அதிகம். ஒட்டுவதில் பிசகினால் முதல் மழையிலேயே உள்ளே நீர் கோத்துக்கொள்ளும்.

குறைந்த ஒளியை பல்பால் ஈடுகட்டலாம் என்று எல்.இ.டி. மாற்றுபவர்களும் உண்டு. மெல்லிய இழை எங்கே இருக்கும் என்று கணக்கிட்டு வளைத்த கிண்ணத்துக்குள், நாலாபக்கமும் பூச்சிக்கண் மாதிரி சில்லுகள் ஒட்டிய பல்பைச் செருகினால் ஒளி வேறு இடங்களுக்குப் போகும். வெள்ளை எல்.இ.டி. என்றால் சிவப்புக் கண்ணாடியே அதில் பெரும்பங்கைத் தின்றுவிடும். எல்.இ.டி.க்கு ஒரு மெய்யான அனுகூலம் இருக்கிறது: மிதித்த கணமே எரியும். இழை பல்பு சூடேறி முழுதாக ஒளிர ஏறக்குறைய 0.2 நொடி பிடிக்கும். 100 கிலோமீட்டர் வேகத்தில் அதற்குள் ஐந்தரை மீட்டர் போய்விடும். ஒரு காரின் நீளத்துக்கும் அதிகம். இழை பல்பின்மேல் கறுப்பும் ஏறினால், பின்னால் வருபவர் கண்ணுக்கு அது ‘எரிகிறது’ என்று படும் கணம் இன்னும் தள்ளிப்போகும்.

பின்கண்ணாடிக்கு உள்ளே உயரத்தில் இருக்கும் மூன்றாவது பிரேக் விளக்கைத் தொடாமல் விட்டுவிட்டால் போதும் என்பவர்களுக்காக அதன் கதையைச் சொல்ல வேண்டும். 1974-இல் ஜான் வோயெவொட்ஸ்கி என்ற உளவியலாளர் சான் பிரான்சிஸ்கோவில் 343 டாக்சிகளின் பின்பக்கம் கூடுதலாக ஒரு பிரேக் விளக்கை மாட்டிவிட்டார். அது இல்லாத டாக்சிகளோடு ஒப்பிட்டபோது, பின்னாலிருந்து மோதப்படுவது 60.6 சதவீதம் குறைந்தது. அமெரிக்கா 1986 மாடல் கார்களிலிருந்து அதைக் கட்டாயமாக்கியது. எல்லாக் கார்களிலும் வந்து, மக்கள் கண்ணுக்குப் பழகிய பிறகு அதே அரசு கணக்கெடுத்தபோது நிரந்தரப் பலன் 4.3 சதவீதம் என்று வந்தது. புதுமைக்கு இருந்த கூர்மை போய்விட்டது. 4.3 சதவீதமும் சின்னதல்ல. ஆனால் அந்த மூன்றாவது விளக்கு பிரேக் மிதித்தால்தான் எரியும். மிதிக்காமல் இருட்டில் போகும்போது கார் அங்கே இருக்கிறது என்று காட்டும் வேலை, கறுப்படித்த அந்த இரண்டின் தலையில்தான்.

ஒரு நாடே தன் வாகன விளக்குகளை மங்கலாக்கிப் பார்த்திருக்கிறது. இரண்டாம் உலகப் போர் தொடங்கிய 1939 செப்டம்பரில், ஜெர்மானிய விமானங்களின் கண்ணில் படாதிருக்க பிரிட்டன் இருட்டடிப்புச் செய்தது. தெருவிளக்குகள் அணைந்தன, ஹெட்லைட்டுகளுக்கு மூடி போட்டார்கள், பக்க விளக்குகளையும் பின்விளக்குகளையும் மங்கலாக்கினார்கள். அந்த ஒரே மாதத்தில் சாலைச் சாவுகள் முந்தைய ஆண்டு செப்டம்பரைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்காயின. பெட்ரோலுக்கு ரேஷன் வந்து சாலையில் வண்டிகள் குறைந்த பிறகும் 1941-இல் 9,169 பேர் செத்தார்கள். பிரிட்டன் சாலைகளில் ஓர் ஆண்டில் அவ்வளவு பேர் அதற்கு முன்னும் பின்னும் செத்ததில்லை. செத்தவர்களில் பலர் நடந்து போனவர்கள். பின்விளக்கு மட்டும் காரணமல்ல. ஆனாலும் சாலையில் ஒளி என்ன வேலை செய்கிறது என்று காட்ட இதைவிடப் பெரிய சோதனையை யாரும் நடத்தியதில்லை.

நம் ஊரிலும் விளக்குக்குக் கறுப்பு பூசுவது புதிதல்ல. பஸ், லாரி, ஸ்கூட்டர் ஹெட்லைட்டுகளின் மேல்பாதியில் கறுப்பு அடித்திருப்பார்கள். நடுவில் பொட்டு மாதிரி கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். போக்குவரத்துப் போலீஸாரே சிக்னலில் வண்டியை நிறுத்தி ஒட்டிவிட்ட காலம் உண்டு. எதிரே வருபவரின் கண் கூசாமலிருக்கச் செய்த கரடுமுரடான வைத்தியம். இன்றைய ஹெட்லைட்டுகளில் டிம் போட்டால் ஒளி மேலே போகாதபடி விளிம்பு கட்டியே வருவதால் அந்தப் பொட்டு தேவையற்றுப் போனது. அந்தக் கறுப்பு, முன்பின் தெரியாத ஒருவரை எண்ணி அடித்தது.

சட்டம் என்ன சொல்கிறது? மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 105-ஆம் விதி, காரின் பின்விளக்குச் சிவப்பு 155 மீட்டரிலிருந்து தெரிய வேண்டும் என்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு கேரள வழக்கில் இதை அழுத்தமாக உறுதிசெய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182-ஏ பிரிவின்படி, அனுமதியில்லாமல் வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம்வரை சிறை, அல்லது இரண்டும். காகிதத்தில் ஓட்டை இல்லை. நடைமுறையில், 155 மீட்டர் தள்ளி நின்று சோதிக்கும் அதிகாரியை நான் கண்டதில்லை.

ஜன்னல் கண்ணாடியில் ஒட்டும் சன் ஃபிலிம் விவகாரத்தை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதற்கு விதியில் தெளிவான எண்ணே இருந்தது: முன், பின் கண்ணாடிகளில் 70 சதவீதம், பக்கக் கண்ணாடிகளில் 50 சதவீதம் ஒளி ஊடுருவ வேண்டும். அந்த எண்ணைச் சாக்காக வைத்து ஊரெல்லாம் கறுப்பு ஒட்டியதும், 2012 ஏப்ரல் 27 அன்று உச்ச நீதிமன்றம் எந்தச் சதவீதமானாலும் ஃபிலிமே கூடாது என்றது. அந்த வழக்கில் பெரிதாகப் பேசப்பட்டது உள்ளே என்ன நடக்கிறது என்று வெளியே தெரியாத அச்சம். டெயில் லைட்டுக்குள் அப்படி யாரும் ஒளிந்துகொள்ள முடியாது. அதனால்தானோ என்னவோ பரபரப்பு எழவில்லை. ஜெர்மனியில் விளக்குக் கண்ணாடிக்குப் பெயின்ட் அடித்தால் வண்டி சாலையில் ஓடுவதற்கான அனுமதியே செல்லாமல் போகும். பிரிட்டனில் ஆண்டுச் சோதனையின்போது, ஒளியைக் குறைக்கும் பொருள் விளக்கின்மேல் இருந்தால் அதைக் குறையாக எழுதுவார்கள். நம்மிடம் சொந்தக் கார் பதினைந்து ஆண்டு முடிந்துதான் மறுபதிவுக்குப் போய் நிற்கிறது.

பெயின்டை எடுக்க முடியுமா என்றால், முடியும்; சுகமான வேலையல்ல. டெயில் லைட் கண்ணாடி என்று நாம் சொல்வது பெரும்பாலும் அக்ரிலிக் பிளாஸ்டிக். அவசரப்பட்டுத் தின்னரில் துடைத்தால் அதில் முடிபோன்ற விரிசல்கள் ஓடிவிடும். மறுபடி வாட்டர் பேப்பர், 1000, 1500, 2000 என்று படிப்படியாக, பிறகு காம்பவுண்ட், பஃபிங். ஒட்டிப் பிரிக்கும் ஃபிலிம் இந்த ஒரு விஷயத்தில் தேவலை. ஹீட் கன் காட்டி உரித்துவிடலாம். கறுப்பும் எல்லா இடத்திலும் ஒரே அளவில் இருக்கும். ஒளியைத் தின்பதில் இரண்டும் ஒன்றுதான்.

கிளம்பும்போது, அடித்ததை எடுக்கச் சொல்லி யாராவது திரும்பி வருவார்களா என்று பெயின்டரிடம் கேட்டேன். “வருவாங்க, நெறையப் பேரு” என்றார். எதற்காக? “ரிவர்ஸ் லைட்டுக்குங்க. அதுமேலயும் கறுப்பு அடிச்சா ராத்திரி பின்னாடி எடுக்கறப்ப கேமராவுல ஒண்ணும் தெரியாது. அவங்களே செவுத்துல இடிச்சுக்குவாங்க. வந்து அந்த வெள்ளைக் கட்டத்தை மட்டும் கிளியர் பண்ணிக் குடுங்கம்பாங்க.”

பிரேக் லைட்டுக்கு?

கேனின் மூக்கைத் தின்னர் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். “அதுக்கு இதுவரைக்கும் ஒருத்தரும் வந்ததில்லைங்க.”